நெருப்புக்கு ஒரு வாத்தியார்!

குட்டீஸ், உங்களுக்கு ஒரு கேள்வி.

மூன்றாவது பீரியட். கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். திடீரென்று மணி அடிக்கிறது. சாப்பாட்டு மணி இல்லை, வீட்டுக்குப் போகிற மணியும் இல்லை. நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரோ, 'தீ... தீ...' என்று கத்துகிறார்கள். என்ன செய்வீர்கள்?

'பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்' என்கிறீர்களா? தப்பு. 'பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன்' என்கிறீர்களா? அது இன்னும் பெரிய தப்பு. 'தங்கச்சி ஒண்ணாம் வகுப்பில் இருக்கிறாளே, அவளைத் தேடிப் போவேன்' என்கிறீர்களா? உங்கள் பாசம் புரிகிறது. ஆனால், அதுவும் தப்புதான்!

அப்படியானால் எதுதான் சரி? அதைச் சொல்லித் தருவதற்கென்றே ஒரு வாத்தியார் இருக்கிறார். அவருக்குப் பெயர் தீயணைப்புப் பயிற்சி அலுவலர். இந்த வாரம் அவரைப் பற்றித்தான் தெரிந்துகொள்ளப் போகிறோம். உங்களில் சிலர் பெரியவர்களானதும் அந்த வேலைக்கே போகலாம். எப்படிப் போவது என்பதையும் பார்த்துவிடலாம்.

யார் இந்த வாத்தியார்?

சிவப்பு வண்டியில் மணியடித்துக்கொண்டு வரும் தீயணைப்பு வீரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டித் தூக்குவதும், வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பதும், வெள்ளத்தில் படகு ஓட்டிவந்து காப்பாற்றுவதும்கூட அவர்கள்தான். அதனால்தான் அந்தத் துறைக்கே 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை' என்று பெயர்.

இதையெல்லாம் அவர்கள் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்தார்களா என்ன? இல்லை. ஒருவர் நின்று சொல்லித் தந்திருக்கிறார். குழாயை எப்படிப் பிடிப்பது, ஏணியை எப்படிச் சாய்ப்பது, புகைக்குள் எப்படிப் போவது, மயங்கிக் கிடப்பவரை எப்படித் தோளில் தூக்குவது என்று ஒவ்வொன்றாகப் பழக்கியிருக்கிறார். அவர்தான் பயிற்சி அலுவலர்.

அவருக்கு இன்னொரு வகுப்பும் உண்டு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, தொழிற்சாலை, துணிக்கடை, விமான நிலையம் என்று பல இடங்களுக்கும் போய், அங்கே இருப்பவர்களுக்கும் சொல்லித் தர வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து சேரச் சில நிமிடங்களாவது ஆகுமே! அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வது என்பது, அங்கே இருப்பவர்களுக்குத்தானே தெரிந்திருக்க வேண்டும்?

முதல் பாடம் ஒரு முக்கோணம்

அவருடைய வகுப்பில் முதல் நாள் பாடம், நீங்கள் கணக்கில் படிக்கிற முக்கோணம்தான். ஆனால், இது தீ முக்கோணம்.

தீ எரிய மூன்று பொருட்கள் வேண்டும். ஒன்று, எரிபொருள். அது விறகோ, துணியோ, பெட்ரோலோ, எதுவாகவும் இருக்கலாம். இரண்டு, வெப்பம். மூன்று, காற்றில் இருக்கும் ஆக்சிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் தீ. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் முக்கோணம் உடைந்துவிடும், தீயும் அணைந்துவிடும்.

வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எரியும் மெழுகுவர்த்தியை ஊதினால் ஏன் அணைகிறது? திரியில் இருந்து கிளம்பும் மெழுகின் ஆவிதான் எரிகிறது. ஊதும்போது அந்த ஆவியும் சூடும் விலகிப் போகின்றன, சுடர் அணைகிறது. அதே சுடரை ஒரு டம்ளரால் மூடச் சொல்லிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறைந்ததும் தானாகவே அணைந்துவிடும். அடுப்பில் எரிகிற விறகை வெளியே இழுத்தால் தீ அடங்குகிறதே, அது எரிபொருளை எடுக்கிற முறை. தண்ணீர் ஊற்றுவது வெப்பத்தை எடுக்கிற முறை.

தீயணைப்பு வண்டியில் இருக்கும் தீயை அணைக்கும் கருவிகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கின்றன. இவ்வளவு பெரிய விஷயம், மூன்று கோட்டுக்குள் அடங்கிவிட்டது பார்த்தீர்களா?

தண்ணீரும் எதிரி ஆகும்!

'தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும்.' இது எல்லாருக்கும் தெரியும். ஆனால், இதைப் பாதி சரி, பாதி தப்பு என்பார் பயிற்சி அலுவலர்.

வாணலியில் எண்ணெய் காய்ந்து தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் யாராவது ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அதனால், அது எண்ணெய்க்கு அடியில் போகும். அங்கே இருக்கும் சூட்டில் நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவி கிடைக்கும். அந்த ஆவி, எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். வாணலியில் இருந்த தீ, சமையலறை முழுக்கப் பரவிவிடும்.

அப்படியானால், சரியான முறை எது? பெரியவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியை ஒரு தட்டால் மூடிவிட வேண்டும். முக்கோணத்தில் ஆக்சிஜன் போச்சு, தீயும் போச்சு. மூடியை உடனே திறந்து பார்க்கக் கூடாது. நன்றாக ஆறட்டும்.

மின்சாரத்தால் பிடித்த தீயிலும் தண்ணீர் ஆபத்துதான். தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்ந்து, ஊற்றியவரையே தாக்கிவிடும். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும்.

அதனால்தான் தீயை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மரம், துணி, காகிதம் எரிந்தால் 'ஏ' வகை. பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்ற திரவங்கள் எரிந்தால் 'பி' வகை. சமையல் கேஸ் போன்ற வாயுக்கள் எரிந்தால் 'சி' வகை. மெக்னீசியம் போன்ற உலோகங்கள் எரிந்தால் 'டி' வகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து. உங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் சிவப்பு நிறத்தில் தொங்கும் தீயணைப்பானில் இந்த எழுத்துகள் இருக்கும். நாளைக்கே போய்ப் பாருங்கள். பார்க்க மட்டும்தான், தொடக் கூடாது!

அந்தக் கருவியைப் பெரியவர்கள் பயன்படுத்த நான்கு சொல் போதும்: இழு, குறிவை, அழுத்து, அசை. பின்னை இழுக்க வேண்டும். தீயின் அடிப்பாகத்தைக் குறிவைக்க வேண்டும். கைப்பிடியை அழுத்த வேண்டும். இடமும் வலமுமாக அசைக்க வேண்டும். ஒரு தீயணைப்பானில் இருப்பது பெரும்பாலும் அரை நிமிடத்துக்குக்கூட வராது. அதனால், சின்னத் தீக்கு மட்டுமே அது உதவும். தீ பெரிதாகிவிட்டால் வீரம் காட்டாமல் வெளியேறிவிட வேண்டும்.

மைதானத்தில் ஒரு வகுப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த வீரர்களின் பயிற்சியைப் பார்த்தால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்களுக்கோ முதுகு ஒடிந்துவிடும்!

காலையில் ஓட்டமும் உடற்பயிற்சியும். பிறகு குழாய்ப் பயிற்சி. நம் நாட்டுத் தீயணைப்பு வண்டிகளில் வழக்கமாக இருக்கும் குழாயின் நீளம் 15 மீட்டர், விட்டம் 63 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு கணக்குப் போடத் தெரிந்த அண்ணன்கள், அக்காக்கள் போட்டுப் பாருங்கள். அதற்குள் ஏறக்குறைய 47 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ அல்லவா? ஆக, தண்ணீர் நிரம்பிய ஒரே ஒரு குழாயில் 47 கிலோ தண்ணீர். குழாயின் எடை தனி! இப்படிப் பல குழாய்களை ஒன்றோடு ஒன்று மாட்டி, படிக்கட்டில் இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். தண்ணீர் பீய்ச்சும்போது, குழாய் பின்பக்கமாகத் தள்ளும். தனியாளாகப் பிடித்தால் ஆளையே சாய்த்துவிடும். அதனால், ஒருவர் பின்னால் ஒருவர் நின்று பிடிக்கப் பழக்குகிறார் அலுவலர்.

அடுத்தது புகை அறை. ஓர் அறையை இருட்டாக்கி, புகையால் நிரப்பிவிடுவார்கள். உள்ளே மேஜை, நாற்காலி, வளைந்த வழிகள் எல்லாம் இருக்கும். ஒரு மூலையில் ஆள் உயரப் பொம்மை ஒன்று கிடக்கும். அந்தப் பொம்மைதான் 'மயங்கிக் கிடப்பவர்'. சுவரைத் தடவிக்கொண்டே போய், பொம்மையைக் கண்டுபிடித்து, வெளியே கொண்டுவர வேண்டும்.

உள்ளே போகும்போது முதுகில் ஒரு சிலிண்டர் மாட்டிக்கொள்வார்கள். அதில் இருப்பது ஆக்சிஜன் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை! அதில் இருப்பது நாம் சுவாசிக்கிற அதே காற்று. அதை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். ஆறு லிட்டர் கொள்ளளவு உள்ள சிலிண்டரில், சாதாரண அழுத்தத்தைப் போல 300 மடங்கு அழுத்தத்தில் காற்று இருந்தால், மொத்தம் 1,800 லிட்டர் காற்று. கடுமையாக வேலை செய்யும் வீரர் நிமிடத்துக்கு 40 லிட்டர் சுவாசித்தால், எத்தனை நிமிடம் வரும்? ஆமாம், 45 நிமிடம். ஆனால், பயந்துபோய் வேகமாக மூச்சு வாங்கினால் அதற்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். காற்று குறைந்ததும் கருவி விசில் அடிக்கும். விசில் கேட்டால் வெளியே வந்தே ஆக வேண்டும்.

எனவே, 'பயப்படாமல் மூச்சு விடு' என்பதுகூட இங்கே ஒரு பாடம். புகை அறையில் ஒரு வீரர் தப்பு செய்தால், அலுவலர் திட்டுவார். மறுபடி போகச் சொல்வார். திரும்பவும் தப்பு செய்தால், திரும்பவும் போகச் சொல்வார். அவர் கோபக்காரர் என்பதாலா? இல்லை. இங்கே தப்பு செய்தால் திட்டு மட்டும்தான் கிடைக்கும். உண்மையான தீயில் தப்பு செய்தால்..? அதனால்தான்.

மறக்க முடியாத இரண்டு நாட்கள்

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 14ம் தேதி, தீயணைப்பு நிலையங்களில் தீத்தொண்டு நாள் கடைப்பிடிக்கிறார்கள். ஏன் தெரியுமா?

1944ம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டைகைன்' என்ற கப்பல் நின்றது. அதில் பஞ்சுப் பொதிகள் இருந்தன, வெடிமருந்துகளும் இருந்தன. ஏப்ரல் 14ம் தேதி அதில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். மாலையில் கப்பல் பயங்கரமாக வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் கடமையிலேயே உயிரை விட்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த நாள். அந்த வாரம் முழுவதும் பள்ளிகளிலும் ஊர்களிலும் வீரர்கள் செயல்விளக்கம் செய்து காட்டுவார்கள்.

இன்னொரு நாள், 2004ம் ஆண்டு ஜூலை 16. நம் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். மதிய உணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ, ஓலைக் கூரைக்குத் தாவியது. உங்களைப் போல 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். வெளியே வருவதற்கு வழி குறுகலாக இருந்தது.

அதன் பிறகு, பள்ளிக்கூடங்களில் ஓலைக் கூரைகளை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. தீத்தடுப்பு விதிகளும் கடுமையாயின. உங்கள் பள்ளியில் தீயணைப்பு ஒத்திகை நடக்கும்போது, 'ஹையா, வகுப்பு கட்' என்று சிலர் சந்தோஷப்படுகிறீர்கள் இல்லையா? அப்போது ஒரு நிமிடம் அந்த அண்ணன்களையும் அக்காக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்று அவர்கள் இருந்திருந்தால், உங்கள் அப்பா, அம்மா வயதை நெருங்கியிருப்பார்கள்.

சலிக்காமல் ஒத்திகை நடத்தியவர்

ஒத்திகை உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுமா? ஒருவருடைய கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் உலக வர்த்தக மையம் என்று 110 மாடிகள் கொண்ட இரட்டைக் கோபுரங்கள் இருந்தன. அதில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் ரிக் ரெஸ்கோர்லா. முன்னாள் ராணுவ வீரர். 1993ம் ஆண்டு அந்தக் கட்டடத்தில் ஒரு குண்டு வெடித்தது. 'இந்தக் கட்டடத்துக்கு மறுபடியும் ஆபத்து வரும்' என்று அவருக்குத் தோன்றியது.

அன்று முதல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த ஆரம்பித்தார். பெரிய பெரிய அதிகாரிகள்கூட வேலையைப் போட்டுவிட்டு, படிக்கட்டில் இரண்டு இரண்டு பேராக வரிசையாக இறங்க வேண்டும். 'வேலை கெடுகிறது' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர் காதில் வாங்கவில்லை. வருடக்கணக்கில் நடத்தினார்.

2001ம் ஆண்டு செப்டம்பர் 11ம் தேதி, தீவிரவாதிகள் ஒரு விமானத்தை முதல் கோபுரத்தில் மோதினார்கள். ரெஸ்கோர்லா இருந்தது பக்கத்துக் கோபுரம். 'எல்லாரும் அவரவர் இடத்திலேயே இருங்கள்' என்று அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவரோ தன் மெகாபோனை எடுத்து, எல்லாரையும் இறங்கச் சொன்னார். பயந்தவர்களுக்குத் தைரியம் வரப் பாட்டுப் பாடினார். பழகிப்போன கால்கள், படியைத் தேடிப் போயின. சிறிது நேரத்தில் அந்தக் கோபுரத்திலும் விமானம் மோதியது. பிறகு கோபுரமே இடிந்து விழுந்தது.

அந்த நிறுவனத்தில் சுமார் 2,700 பேர் தப்பினார்கள். 'யாராவது மிச்சம் இருக்கிறார்களா' என்று பார்க்க மறுபடி மேலே போன ரெஸ்கோர்லா, திரும்பி வரவில்லை.

இப்போது சொல்லுங்கள், ஒத்திகை விளையாட்டா?

பெண்களும் கலக்குகிறார்கள்

'இது ஆண்கள் வேலையாச்சே' என்று நினைக்கிற தங்கைகளே, இதைப் படியுங்கள்.

நாகபுரியில் மத்திய அரசின் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. அதில் 2002ம் ஆண்டு ஹர்ஷினி கான்ஹேகர் என்ற பெண் சேர்ந்தார். அதுவரை அங்கே படித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். மாணவர்கள் நடுவே ஒரே மாணவியாகக் குழாயைத் தூக்கினார், ஏணியில் ஏறினார், படித்து முடித்தார். பிறகு, ஓ.என்.ஜி.சி., என்ற எண்ணெய் நிறுவனத்தில் தீயணைப்புப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

தமிழகத்தில் 2003ம் ஆண்டு பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ஆகிய இருவரும் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012ம் ஆண்டு ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தில் இருந்த பழைய கட்டடத்தில் தீப்பிடித்தது. வீரர்களோடு உள்ளே போன பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். உடன் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். குணமானதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? மறுபடி அதே காக்கிச் சீருடையை மாட்டிக்கொண்டு பணிக்கு வந்துவிட்டார்!

நீங்களும் ஆகலாம்

சரி, இந்த வேலைக்கு எப்படிப் போவது? ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். எடுத்த எடுப்பிலேயே பயிற்சி அலுவலர் ஆகிவிட முடியாது. நீச்சல் தெரியாதவர் நீச்சல் சொல்லித் தர முடியுமா? தீயை நேரில் பார்த்துப் பழகியவருக்குத்தான் பெரும்பாலும் இந்த வேலையைக் கொடுப்பார்கள். அதனால், முதலில் வீரர், பிறகு வாத்தியார்.

* பத்தாம் வகுப்பு முடித்தவர்கள், 18 வயதான பிறகு, தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வை எழுதித் தீயணைப்பாளர் ஆகலாம். எழுத்துத் தேர்வோடு, ஓட்டம், கயிறு ஏறுதல், தாண்டுதல் போன்ற உடல்திறன் தேர்வுகளும் உண்டு. அனுபவமும் பதவி உயர்வும் கிடைக்கக் கிடைக்க, பயிற்சி தரும் பொறுப்பும் வரலாம்.

* பட்டப்படிப்பு முடித்தவர்கள், இதே வாரியத்தின் தேர்வு மூலம் நிலைய அலுவலர் ஆகலாம். ஒரு தீயணைப்பு நிலையத்துக்கே பொறுப்பாளர் அவர்தான்.

* இன்னும் பெரிய பதவி வேண்டுமா? டி.என்.பி.எஸ்.சி., நடத்தும் குரூப்-1 தேர்வில் வென்றால், மாவட்டத் தீயணைப்பு அலுவலர் ஆகலாம்.

* பொறியியல் படிக்க ஆசையா? நாகபுரிக் கல்லூரியில் தீயணைப்புப் பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. இந்தக் கல்லூரி 1956ம் ஆண்டு உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கப்பட்டு, மறு ஆண்டு நாகபுரிக்கு மாறியது. இங்கே நிலைய அலுவலர்களுக்காக நடக்கும் ஒரு படிப்பின் பெயரிலேயே 'பயிற்றுநர்' என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது! பக்கத்து மாநிலத்தில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பாதுகாப்பு மற்றும் தீயணைப்புப் பொறியியல் இருக்கிறது. இவற்றுக்குப் பிளஸ் 2வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும்.

* மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் தீயணைப்புப் பிரிவு தனியாக உண்டு. பிளஸ் 2வில் அறிவியல் படித்தவர்கள் அதில் காவலராகச் சேரலாம். விமான நிலையங்களுக்கும் சொந்தமாகத் தீயணைப்புப் படை இருக்கிறது.

* எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், மருந்துத் தொழிற்சாலை, பெரிய மருத்துவமனை போன்றவற்றிலும் தீப்பாதுகாப்புக்கு ஆட்கள் தேவை. அங்கே வேலை செய்பவர்களுக்குச் சொல்லித் தரப் பயிற்சி அலுவலர்களையும் அமர்த்துகிறார்கள். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களுக்கும் இங்கே மரியாதை உண்டு.

வேலை எங்கே காலியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அரசு வேலை என்றால், தேர்வு வாரியங்களின் இணையதளத்திலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். மத்திய அரசு வேலைகளுக்கு 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' என்ற வார இதழ் இருக்கிறது. வயது, உயரம், படிப்பு ஆகிய விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், அந்தந்த ஆண்டு அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் உஷார்!

உங்கள் வீட்டில் அண்ணனோ மாமாவோ வேலை தேடிக்கொண்டிருந்தால், இதை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

'ஆறே மாதத்தில் தீயணைப்பு டிப்ளமோ, வெளிநாட்டில் நூறு சதவீதம் வேலை உறுதி' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால், உடனே பணத்தைக் கட்டிவிடக் கூடாது. அந்தச் சான்றிதழை அரசு அங்கீகரித்திருக்கிறதா? பயிற்சிக்கு மைதானம் இருக்கிறதா? ஏணி, குழாய், மூச்சுக் கருவி எல்லாம் இருக்கின்றனவா? வேலை அறிவிப்பில் கேட்கிற படிப்பு இதுதானா? இந்த நான்கையும் விசாரிக்க வேண்டும். நான்கு சுவருக்குள் புத்தகம் மட்டும் படித்துத் தீயணைக்கக் கற்றுக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டால், அது மோசடி. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு, அவ்வளவுதான்.

இப்போதே தொடங்கலாம்

18 வயது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டம், நீச்சல், கயிறு ஏறுதல் என்று ஏதாவது ஒன்றைப் பழகுங்கள். அறிவியல் பாடத்தை விரும்பிப் படியுங்கள். பள்ளியில் சாரணர் படை இருந்தால் சேருங்கள். முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் சொல்லித் தருவார்கள்.

வீட்டில் நீங்களே ஒரு குட்டிப் பயிற்சி அலுவலர் ஆகலாம். எல்லாரையும் உட்கார வைத்து, இந்த ஐந்தையும் சொல்லிக் கொடுங்கள்.

1. புகை சூழ்ந்தால் நிமிர்ந்து நடக்கக் கூடாது. சூடான புகை மேலே போகும், தரைக்குப் பக்கத்தில்தான் நல்ல காற்று இருக்கும். தவழ்ந்து வெளியேற வேண்டும்.

2. உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். நில், படு, உருள்!

3. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சின்னப் பொறியே போதும். கதவு, ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வர வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, அதனால் அது தரையோடு தங்கியிருக்கும்.

4. தீக்காயத்தில் இங்க், பற்பசை, மாவு எதையும் பூசக் கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, டாக்டரிடம் போக வேண்டும்.

5. தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112. இடம், பக்கத்தில் இருக்கும் அடையாளம், என்ன எரிகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா, இந்த நான்கையும் நிதானமாகச் சொல்லுங்கள். அவர்கள் வைத்த பிறகுதான் நீங்கள் போனை வைக்க வேண்டும். விளையாட்டுக்குக் கூப்பிடவே கூடாது. அந்த நேரத்தில், வண்டி வேறு ஒரு வீட்டுக்குத் தேவைப்படலாம்.

சரி, மணி அடித்ததே...

மூன்றாவது பீரியட்டை மறந்துவிடவில்லையே? மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது பதில் சொல்கிறேன்.

பையை விட்டுவிடுங்கள். புத்தகம் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஓடாமல், தள்ளாமல், டீச்சர் சொல்கிற வரிசையில் வேகமாக நடங்கள். லிப்ட் இருந்தாலும் படியில்தான் இறங்க வேண்டும். மைதானத்தில் உங்கள் வகுப்புக்கு என்று சொன்ன இடத்தில் போய் நில்லுங்கள்.

தங்கச்சி? அவளை அவள் டீச்சர் அழைத்து வருவார். நீங்கள் தேடிப் போனால், உங்களைத் தேடி இன்னொருவர் போக வேண்டி வரும்.

மைதானத்தில் டீச்சர் வருகைப் பதிவு எடுப்பார். 'இந்த நேரத்திலா அட்டெண்டன்ஸ்' என்று சிரிக்காதீர்கள். அதுதான் ரொம்ப முக்கியம். ஒரு பையன் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் பெயரைக் கூப்பிடும்போது பதில் வராது. 'ஒருவன் உள்ளே இருக்கிறான்' என்று நினைத்து, ஒரு தீயணைப்பு வீரர் சிலிண்டரை மாட்டிக்கொண்டு தீக்குள் போவார். அந்தப் பையன் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வீரருக்கும், உங்களைப் போல வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

அதனால், அடுத்த முறை ஒத்திகை நடக்கும்போது, உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் சத்தமாகச் சொல்லுங்கள்: 'உள்ளேன் ஐயா!'